டாக்டர் எழுதாத நோய்

எங்கள் மருத்துவமனையில் நோய் உடம்பில் வருவதில்லை. டாக்டர் எழுதினால்தான் வரும். அவர் எழுதியதை எண்ணாக மாற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவது என் வேலை. ஸ்கேனில் மூளை அடைப்பு பளிச்சென்று தெரிந்தாலும், டாக்டர் எழுதாதவரை எங்களுக்குக் கண் தெரியாது. "இது இன்ன நோய்தானே?" என்று அவரிடம் கேட்கவும் கூடாது. அதற்கு மேனேஜர் வைத்திருக்கும் பெயர், பதிலை ஊட்டிவிடும் கேள்வி. போன மாதம் அப்படி ஊட்டிய ஒருவர் இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த லட்சணத்தில் என் அக்காவுக்கு இடது கால் அசையாமல் போய், எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். ஸ்கேனில் மூளை அடைப்பு தெரிந்தது. நர்ஸ் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் பக்கவாதம் என்றுதான் பேசினார்கள். டாக்டர் மட்டும் "பலவீனம்" என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டுப் போய்விட்டார். எங்கள் எண் புத்தகத்தில் பலவீனத்துக்கு மரியாதை கிடையாது. அந்த எண்ணை அனுப்பினால் நடைப்பயிற்சி மையத்துக்கு இன்சூரன்ஸ் சம்மதிக்காது. அக்காவை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உடனே பயிற்சி தொடங்காவிட்டால் அந்தக் கால் பழையபடி ஆவது கஷ்டம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார்.

"தம்பிங்கிற முறையில டாக்டர்கிட்ட கேக்கலாமா சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"கழுத்துல இருக்கிற அட்டையைக் கழட்டினாலும் நீ யாருன்னு அவருக்குத் தெரியும்ல? ஊட்டாம கேளு."

டாக்டர் வந்தபோது அக்காவின் கட்டிலருகே கைகட்டி நின்றேன்.

"டாக்டர், இந்தப் பலவீனத்துக்குக் காரணம்னு ஏதாவது இருந்தா, அதைக் கொஞ்சம் விளக்கி எழுத முடியுமா?"

"பலவீனம்தான்."

"ஸ்கேன்ல தெரியறதுக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்கா, இல்லையா, இல்ல சொல்ல முடியாதா?"

"மூணுல எதுவா வேணா இருக்கலாம்."

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்டா மென்னு முழுங்குற? டாக்டர், எனக்கு வந்திருக்கிறது பக்கவாதம். அந்த வார்த்தையை எழுதினாத்தான் நடக்கப் பழக்குவாங்களாம். எழுதிடுங்க."

டாக்டர் முகம் மலர்ந்தது. மளமளவென்று எழுதினார். எட்டிப் பார்த்தேன்: "நோயாளி தெளிவாகப் பேசுகிறார். தன் தேவையை அறிந்திருக்கிறார். முன்னேற்றம் திருப்திகரம். வீட்டுக்கு அனுப்பலாம்."

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பின்னாலேயே போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் காலைக் கட்டிப்போட்டது. அவமானமாக இருந்தது.

மாலையில் சக்கர நாற்காலி வந்தது. அக்கா வலது காலைத் தானே கீழே வைத்தாள். இடது காலை நான் தூக்கி இறக்கினேன்.

"எனக்குக் கால்தான்டா விழுந்துச்சு" என்றாள். "உனக்கு வாய்."