முந்நூறு பேர் மிஞ்சிய கூட்டம்

கலியமூர்த்தி தன் மகளைக் கைகளில் ஏந்திக்கொண்டு முத்தியால்பேட்டைத் தெருவில் இறங்கியபோது பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பாடை எதற்கு, மேளம் எதற்கு. இடுகாடு வரை கையிலேயே கொண்டுபோய்விடலாம்.

குழந்தையின் தாய் சரிதாவைத் தலைமுழுகக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள் தங்கை அமுதவல்லி. பக்கத்து வீட்டு லட்சுமி நடையில் மடக்கினாள்.

"அழுவாத சரிதா. ஒனக்கென்ன வயசா போயிடுச்சி? அடுத்த வருசமே இன்னொண்ணு பெத்துக்கலாம்."

வந்தவர் போனவர் எல்லாரும் காலையிலிருந்து இதையேதான் சொன்னார்கள். அமுதவல்லி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். இன்றைக்காவது அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். சரிதா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமன் கலியமூர்த்தியை. முதல் பையனும் இப்படித்தான் கால் துவண்டு, கழுத்து துவண்டு, கடைசியில் மூச்சுவிட முடியாமல் போனான்.

அமுதவல்லி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆராய்ச்சி மாணவி. சொந்தச் சாதிசனத்தில் எண்பது பேரிடம் ரத்தம் எடுத்திருந்தாள். ஊசி என்றால் ஓடுகிறவர்களை அப்பா இளஞ்செழியன்தான் வீடு வீடாகப் போய்த் தாஜா பண்ணி உட்காரவைத்தார். எண்பது பேரின் மரபணுவுக்குள்ளும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். அப்படியென்றால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பஞ்சமோ கொள்ளைநோயோ வந்து, கூட்டமே முந்நூறு பேராகச் சுருங்கி, அதிலிருந்துதான் எல்லாரும் பெருகியிருக்க வேண்டும் என்றது அவள் போட்ட கணக்கு. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கலப்பே இல்லாத ரத்தம்னு எம்பொண்ணு கண்டுபுடிச்சிட்டா" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

முந்நூறு பேரில் யாரோ ஒருவரிடம் இருந்த கோளாறும் கூடவே பெருகியிருக்கும், சொந்தத்துக்குள் கட்டினால் அது இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைமேல் இறங்கும் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் ஒருவரும் கையை நீட்டமாட்டார்கள். இன்னும் நாற்பது பேரிடம் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது நினைத்தால் அவளுக்கே தன்மேல் காறித்துப்பத் தோன்றியது.

முதல் செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சொன்னாள். "அக்கா, இனிமே வேணாம்க்கா. ஒனக்கும் மாமாவுக்கும் ரத்தத்துல ஒரே கொறை இருக்குது போலருக்கு. நாலுல ஒண்ணு இப்பிடிப் பொறக்கும். மறுபடியும் வரலாம்."

சரிதா முகத்தில் வழிந்த முடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"போன வருசம். தை மாசம்."

"நானு பாப்பாவ இடுப்புல வச்சிக்கினு டாக்டர் டாக்டரா அலைஞ்சனே, அப்பவா?"

அமுதவல்லி செம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மூணு மாசம் ஆவுதுடி," என்றாள் சரிதா. "மாமாவுக்கே இன்னும் சொல்லல. பாப்பாவுக்கு ஒடம்பு தேறட்டும்னு இருந்தேன்."

உள்ளே யாரோ கூடத்தைக் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சரிதா ஈரப் புடவையை வயிற்றின்மேல் இழுத்து மூடிக்கொண்டு மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஊத்து. இடுகாட்டுக்குப் போனவங்க வர்றதுக்குள்ள."

அமுதவல்லி செம்பை வாளியில் முக்கி எடுத்தாள். பாதித் தண்ணீர் தரையிலேயே போயிற்று.