இடம் விடும் கட்டைவிரல்

இதில் ஓர் எழுத்துகூடக் கலப்படமில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சத்தியம் செய்கிறேன்... மறுபடியும் நின்றுவிட்டதே, பாழாய்ப்போன கட்டைவிரல், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன, இது மட்டும் அந்தரத்தில் தொங்கி வேடிக்கை பார்க்கிறது, தடித்த தந்திகளைப் பாட்டு முழுக்க நிற்காமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் அது, அவ்வளவுதான் அதன் வேலை, கிட்டாரைத் தொட்டவர்கள் எல்லாரும் முதலில் படிக்கிற பழைய பாட்டு, இதில் என்ன கொம்பு முளைத்திருக்கிறது, என்று நினைத்தாள் டைப்பிஸ்ட் அம்மா. அலுவலகம் வைத்த பெயர், ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் கடைக்காரர் வந்துவிடுவார். வீட்டுக்காரர் எடுத்துவந்த வாடகைக் கிட்டார். "ஒரே ஒரு தடவை நிக்காம முழுசா வாசிச்சுக் காட்டு, வச்சுக்கலாம். இல்லேன்னா இன்னைக்கே தூக்கிக் கொடுத்துடுவேன். என் காது ரெண்டும் எனக்கு வேணும்" என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சவரம் செய்யப் போய்விட்டார்... நிஜமாகவே கொடுத்துவிடுவாரா? கொடுப்பார், தையல் மெஷினை அப்படித்தான் தங்கை வீட்டுக்கு அனுப்பினார், கேட்டால் "நீ அதைத் தொட்டு எத்தனை மாசமாச்சு?"... இதைத் தொடுகிறாளே, இடதுகை விரல்நுனியெல்லாம் காய்த்துக் கிடக்கிறதே. கொடுக்க மாட்டாள். கடைவாய்ப் பல் வலித்தாலும் டாக்டரிடம் வாயைத் திறக்கவே மாட்டேனென்று மாதக்கணக்காய்ச் சாதிப்பவள், இதைக் கொடுக்கவே மாட்டாள்.

ஏன் நிற்கிறது? பொறு... வேலைக்குப் போன காலமெல்லாம் இந்தக் கட்டைவிரலுக்கு ஒரே உத்தியோகம், சொல் முடிந்ததும் டைப்ரைட்டரின் அடியிலுள்ள நீளக் கட்டையை அழுத்தி இடம் விடுவது, முடியும்வரை கைகட்டிக் காத்திருக்கும், சமர்த்து, இப்போதும் காத்திருக்கிறது, மெட்டு எங்கே முடியுமென்று! மெட்டு முடிந்தபின் இறங்கி யாருக்கு என்ன லாபம்? திட்டினாள், முறைத்தாள், விரலைத் தொடையில் ஓர் அடி அடித்தாள், அசையவில்லை. சரி, உனக்குச் சொல் முடிய வேண்டும், அவ்வளவுதானே? முடித்துத் தருகிறேன், பொடிப்பொடிச் சொல்லாக. வா. வ ஒரு தட்டு, துணைக்கால் ஒரு தட்டு, உடனே இடம். தா. மை. கை. இரண்டு விரல், கட்டைவிரல், இரண்டு விரல், கட்டைவிரல்... அட, இறங்குகிறதே! வா தா கை வா, டும், டும்... 'போ' மட்டும் ஆகாது, அதற்கு மூன்று தட்டு, பாட்டு நொண்டும். போ வேண்டாம். போவே கிடையாது.

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "என்னம்மா, எடுத்துட்டுப் போலாமா?" என்றார். "முதல்ல கேளுங்க, அப்புறம் கையை நீட்டுங்க." வா தா மை கை... நடுவில் வீட்டுக்காரர் இருமினார், வேண்டுமென்றேதான், இருமட்டும், வா தா, பை கை, நிற்காதே என் கண்ணே, நிற்கவில்லை அது, கடைசித் தந்தி அதிர்ந்து அடங்கிய பிறகும் காற்றில் இன்னொரு இடம் விட்டது. "அடிப்பாவி, முடிச்சுட்டாளே!" என்றார் வீட்டுக்காரர். ஜெயித்தாயிற்று, பல் தெரியச் சிரித்தாள்... ஆனால் தோற்ற மனிதர் ஏன் இப்படிப் பூரித்துப்போய் நிற்கிறார்? கடைக்காரர் ஏன் கிட்டாரை விட்டுவிட்டு அவள் கடைவாயையே உற்றுப் பார்க்கிறார்?

வந்தவர் வீட்டுக்காரரோடு கிளப்பில் சீட்டாடும் பல் டாக்டர். கிட்டாரை முதல் நாளே அவள் பெயருக்கு வாங்கியாயிற்று.