மங்கலான படத்தில் வலது இறக்கை

ஓர் ஈயின் படத்தைக் காட்டினால் போதும், அதன் மூதாதையர் மலைக்கு எந்தப் பக்கம் பெண்ணெடுத்தார்கள் என்பதுவரை சொல்லிவிடுவேன் என்று மச்சான் அடித்துவிட்டபோது, கொய்யாத் தோட்டக்காரருக்குக் கையிலிருந்த தேநீரை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். ஒன்பது கோடி அடையாள அட்டைகளைப் பார்த்தவராம். அவர் பெட்டியில் கால் வைத்தால் டிக்கெட் இல்லாதவனுக்கு மட்டுமா, எஞ்சினுக்கே வேர்க்குமாம். இதையெல்லாம் தோட்டக்காரர் இருபது வருடமாக இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவந்தார்.

இன்று அதற்கும் நேரமில்லை. மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு மரம் அறுக்கும் வண்டி வருகிறது. இருநூற்றுப் பத்து மரங்கள், வெட்டி அங்கேயே எரிக்க உத்தரவு.

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை. முந்தாநாள் பசைப்பொறியில் ஒட்டிக் கிடந்த பழ ஈயைத் தோட்டக்காரர்தான் கைப்பேசியில் எடுத்துப் பூச்சி ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்பினார். அனுப்பிய கையோடு, பயத்தில் பொறியை அடுப்பில் போட்டுவிட்டார். ஈ சாம்பல். மிச்சம் படம்தான்.

பழம் அடுக்கும் கொட்டகையில் ஆய்வாளர் அம்மா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அயல் ஈ என்றால்தான் மரங்களை எரிப்பார்கள்; ஆனால் உள்ளூர் ஈயும் அயல் ஈயும் ஒரே அச்சில் வார்த்தவை. இறக்கை ஓரத்துக் கறுப்புப் பட்டை, உள்ளூர் ஈக்கு நுனியில் நேராக முடியும். அயல் ஈக்குத் தூண்டில் முள்போல வளையும். படத்தில் இடது இறக்கைப் பட்டை வளைந்திருந்தது. வலது இறக்கை உடம்புக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

மச்சான் சுவரில் மாட்டிய வரைபடத்தைத் தட்டினார். அயல் ஈ இருக்கும் இடங்களுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. அத்தனையும் மலைக்கு அப்பால்.

"முந்நூறு கிலோமீட்டர் டிக்கெட் இல்லாம எப்படிம்மா வந்துச்சு?"

"வரைபடம் நேத்துவரைக்கும் பார்த்ததைத்தான் சார் சொல்லும். எல்லா ஊருக்கும் ஒரு முதல் ஈ உண்டு."

மச்சான் வரைபடத்திலிருந்து கையை எடுத்தார். உத்தரவில் கடைசிக் கையெழுத்துப் போட ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார். வாசலில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாப்ளே, எத்தனை படம் எடுத்தீங்க?"

"நாலு. மத்ததெல்லாம் கை நடுங்கி மங்கிப்போச்சு. அதையா ஆபீசுக்கு அனுப்புறது, அசிங்கமா?"

"என் சர்வீஸ்ல என்னை ஏமாத்தினது எல்லாம் அட்டையில அழகா இருந்த மூஞ்சிதான். அந்த அசிங்கத்தை எடுங்க."

தேடினார். இல்லை. அழித்தது நினைவுக்கு வந்ததும் விரல் வேர்த்தது. வேர்த்த விரலுக்குத் திரை நகர மறுத்தது. மச்சான் கைப்பேசியைப் பிடுங்கி, அழித்தவை கிடக்கும் குப்பைத் தொட்டியைத் திறந்தார். மூன்று படங்கள். இரண்டில் ஈயா உலர்திராட்சையா என்றே தெரியவில்லை. மூன்றாவது மறுபக்கத்திலிருந்து எடுத்தது. உடம்பெல்லாம் மங்கல். வலது இறக்கையின் நுனி மட்டும் கண்ணாடிபோலத் தெளிவு.

பட்டை நேராக முடிந்திருந்தது.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். ஆய்வாளர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பசை கறுப்பைச் சேர்க்கும்," என்றார் மெதுவாக. "இருக்கிற பட்டையை இவ்வளவு சுத்தமா அழிக்காது. இடது பக்கத்து வளைவுதான் பசைக்கறை." பேனாவை மூடினார். "வண்டியைத் திருப்பச் சொல்றேன். ஆனா இன்னைக்கே இருபது பொறி கட்டுங்க. இனிமே விழுறதை எரிக்காம எங்கிட்ட கொண்டு வாங்க."

தோட்டக்காரர் இரண்டு வாரம் கொண்டுபோனார். நாற்பத்தொரு ஈக்கள், அத்தனையும் உள்ளூர்.

அடுத்த குடும்ப விருந்தில் மச்சான் கதையை அவிழ்த்தார். ஈயே படத்துக்குள் எழுந்து நின்று, வலது இறக்கையை விரித்து, 'இந்தாங்க சார் டிக்கெட்' என்று நீட்டியதாம். உறவு முழுக்க வழக்கமான கேலிச் சிரிப்புக்காகத் தோட்டக்காரரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"ஈ எழுந்து நின்னதை நான் பார்க்கல," என்றார். "மத்ததெல்லாம் நடந்துச்சு. நான் அங்கதான் இருந்தேன்."