ஊசிப்புல் முற்றிய பிறகு

புல்வெளியை எப்போது பூட்ட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று சண்முகசுந்தரத்துக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் கேட்கவும் மாட்டார். அடையாற்றங்கரையில் அத்தனை பெரிய மேய்ச்சல் வெளி அவர் பெயரில் இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

டைபாய்டில் கிடந்த என் மகன் எழுந்து நடந்தால், என் கையால் வளர்த்த கிடாவையே பக்ரீதுக்குக் குர்பானி கொடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தேன். அவன் நடந்துவிட்டான். கிடாவும் வளர்ந்தது. குர்பானி ஆட்டுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது.

போன வருஷம், நாற்பத்தெட்டில், ஆடித் தூறலுக்கு அந்த வெளி முழுக்கத் தளதளவென்று புல். பச்சை வெட்டுக்கிளிகள் துள்ளின. ஆனால் கேட்டில் பூட்டு!

"நல்லா வளரட்டும்மா. புரட்டாசி பொறந்ததும் தொறந்து விடறேன். எல்லாரும் தர்மமா மேய்ச்சுக்குங்க" என்றார் சண்முகசுந்தரம்.

தர்மமாம்!

ஆவணி முடிவதற்குள் புல் பூத்து, சிவந்து, காய்ந்தது. பச்சை வெட்டுக்கிளிகளைக் காணோம். வைக்கோல் நிறத்தவைதான் மிச்சம். புல்லின் நுனியெல்லாம் ஊசி ஊசியாக விதை. அப்போதுதான் கேட்டைத் திறந்தார். மற்ற இடமெல்லாம் மொட்டையாகக் கிடந்ததால் வேறு வழியின்றி ஓட்டிப் போனேன். மூன்றாம் நாள் கிடாவின் வலது கண்ணில் ஊசி ஏறியது. பிடுங்கிக் கழுவியும் பயனில்லை. ஈ மொய்த்து, கண் வெள்ளை பூத்துவிட்டது. குர்பானிக்கு ஆகாது என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத்.

கிடாவை இழுத்துக்கொண்டு, வெளியை ஒட்டிய அவர் பங்களாவுக்கே போனேன்.

"கண்ணுதானே போச்சு? கறி அப்படியேதானே இருக்கு" என்றார்.

கிடாவின் முகத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். "கறிக்கா வளத்தேன்? எம்புள்ள உசுருக்கு நேந்துக்கினது ஐயா! ஒங்க புல்லுல நீங்களே ஒரு நடை நடந்து பாருங்க."

ரோஷத்தோடு இறங்கினார். இருபது அடி போவதற்குள் மல்வேட்டி முழுக்க ஊசி. ஒற்றைக்காலில் நின்று அலறினார். காவல்காரர் பொன்னுரங்கம் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "ஆடிலயே சொன்னேன் ஐயா" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்ரீத் அன்று என் வீட்டில் குர்பானி இல்லை. மகன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இந்த ஆடியில் முதல் தூறலுக்கே போய்ப் பூட்டைப் பிடித்து ஆட்டினேன். பொன்னுரங்கம் சாவியை எடுத்தார்.

"ஐயா கேட்டா இன்னா சொல்றது பாயம்மா?"

"வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு வந்து கேக்கச் சொல்லு நைனா."

ஒற்றைக்கண் கிடா முதலில் உள்ளே போனது. அதன் பின்னால், இந்தப் பக்ரீதுக்கு வளர்க்கும் கிடா ஓடியது. அதற்கு இரண்டு கண்ணும் இருக்கிறது.