நிற்காமல் போகும் பஸ்

நான்கு ஊர்கள் சேர்ந்து நடத்தும் பஸ் வாரியத்துக்கு அவள் செயலாளர். வாரியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் மூன்று அறைகள், கீழே டிப்போ, எத்தனை முறை துவைத்தாலும் டீசல் வாசம் போகாத திரைச்சீலைகள். டிக்கெட்டில் வரும் பணம் டீசலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் பாதிகூடக் காணாது. மீதியை நான்கு ஊர் மன்றங்களும் தங்கள் வரிப்பணத்திலிருந்து பங்கு போட்டுத் தர வேண்டும். ஆண்டுதோறும் அந்தப் பங்கைக் கேட்டு மன்றங்களின் படியேறி இறங்குவதே அவளுடைய வேலையில் பெரும்பகுதி.

அந்த ஆண்டு அவள் குடியிருக்கும் ஊரின் மன்றம் பங்கு தர முடியாது என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் அது நிறைவேறியது. பார்வையாளர் வரிசையில் மடியில் கோப்போடு உட்கார்ந்து அவள் அதைப் பார்த்தாள்.

வெளியே நடைவழியில் தம்பி அவளைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கோவிச்சுக்காத. நம்ம ஊர்ல நூறு பேர்ல நாலு பேர்தான் பஸ்ல போறாங்க. மழை பெஞ்சா கீழத்தெருவுல சாக்கடை வீட்டுக்குள்ள வருது. இருக்கிற காசுல நான் எதைன்னு பாக்குறது?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தி உன் பொண்டாட்டிடா."

"அவளை நான் கார்ல கொண்டுபோய் விட்டுக்கிறேன். அது என் பாடு."

சாக்கடை விஷயம் பொய்யில்லை. போன மழைக்குக் கீழத்தெருவில் கட்டிலை மேசைமேல் ஏற்றி வைத்திருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். தம்பி கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் கணவர், தட்டை எடுத்து வைத்தபடி.

"அடியும் அவன்தான் குடுத்தான்" என்றாள். அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் வாரியத்தின் ஆணையில் கையெழுத்துப் போட்டவள் அவளேதான். முதல் ஊரிலிருந்து கடைசி ஊருக்குப் போகும் பிரதான சாலை அவள் ஊருக்கு நடுவேதான் போகிறது. வேறு பாதை கிடையாது. ஆகவே பஸ் வரும், ஆனால் நிற்காது. பங்கு தராத ஊரில் யாரையும் ஏற்றக் கூடாது, இறக்கவும் கூடாது. நிறுத்தங்களின் பலகைகளுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் பையை மாட்டிக் கயிற்றால் கட்டினார்கள். அவளும் தினமும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து ஊர் எல்லைக்கு நடந்து போய் பஸ் பிடித்தாள். முன்னால் போவதற்காகப் பின்னால் நடக்க வேண்டியிருந்தது. ஏறிய பஸ் அவளைச் சொந்த வீட்டு வாசல் வழியாகவே கொண்டுபோனது.

சில வாரங்கள் ஓடின. ஒரு நாள் வாரியத் தலைவர் அவள் அறைக்கு வந்தார். பக்கத்து ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதையும் மெதுவாக, மாத்திரை எண்ணுவது போலப் பேசுவார்.

"உங்க ஊர் சிக்னல்ல ஆளுங்க ஏறுறாங்களாமே?"

"சிக்னல்லயா?"

"செவப்பு விழுந்ததும் நம்ம நிதானம் கதவைத் தொறக்கிறாராம். காலையில பத்துப் பதினஞ்சு பேர் ஏறுறாங்களாம்."

நிதானம் என்பது மூத்த ஓட்டுநர் ஒருவரின் பட்டப்பெயர். யார் எவ்வளவு அவசரப்பட்டாலும் அவர் அவசரப்பட மாட்டார்.

"டிக்கெட் வாங்கிட்டுத்தானே ஏறுறாங்க?" என்றாள்.

"டிக்கெட் பாதிச் செலவுக்குக்கூடப் பத்தாதுன்னு வருஷா வருஷம் எங்களுக்குப் பாடம் எடுக்கிறது நீங்கதானேம்மா? மீதியை எங்க ஊர்க்காரன் கட்டுறான். கட்டாதவனும் ஏறலாம்னா நாங்க மட்டும் ஏன் கட்டணும்னு எங்க மன்றத்துல கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நிதானத்தைக் கூப்பிட்டு விட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"மேடம், செவப்புல நிக்காம போனா போலீஸ் புடிக்குது. நின்னா நீங்க புடிக்கிறீங்க."

"நில்லுங்க. கதவைத் தொறக்காதீங்க."

"தட்டுறாங்களே."

"தட்டினாலும்."

"சரி மேடம். ஒரு நாள் என் பக்கத்துல உக்காந்து வாங்க. நீங்க சொல்லுங்க, நான் மூடுறேன்."

மறுநாள் காலை பாலம் தாண்டிப் போய் அவருடைய பஸ்ஸில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இன்றைக்காவது பச்சை விழுந்து தொலையட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. சிவப்புதான் விழுந்தது. ஓரமாகக் காத்திருந்த கூட்டம் கதவருகே ஓடி வந்தது. முதலில் வந்தவள் தம்பி மனைவி. கடைசி ஊரில், மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. ஆலையின் நீலச் சட்டை போட்டிருந்தாள், தோளில் சாப்பாட்டுப் பை.

உள்ளங்கையால் கதவுக் கண்ணாடியைத் தட்டியவள், உள்ளே இருப்பது யாரென்று கண்டதும் சிரித்தாள். அண்ணியே இருக்கிறாள், இனி என்ன கவலை என்கிற சிரிப்பு. நிதானத்தின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அவர் செயலாளரைப் பார்த்தார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வெளியே இருந்தவளின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. என்ன நடக்கிறது என்று புரியும்வரை முகத்திலேயே தங்கியிருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். பச்சை விழுந்தது. நிதானம் வழக்கம்போல மெதுவாகத்தான் வண்டியை எடுத்தார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாம்.

சாயந்திரம் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"என் பொண்டாட்டிய நடுரோட்டுல விட்டுட்டுப் போயிருக்க. அவளுக்கு ஒரு நாள் கூலி போச்சு."

"நீதானே கார்ல விடுறேன்னு சொன்ன?"

"ரெண்டு வாரம் விட்டேன். எனக்கும் வேலை இருக்குல்ல? சிக்னல்ல ஏறிக்கோன்னு நான்தான் சொன்னேன்."

பஸ் வேண்டாம் என்று கை தூக்கியவன் சொல்கிற யோசனையா இது! கேட்டால் சண்டை வளரும். அதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

"ஒரே ஒரு கதவு அக்கா. ஒரு நிமிஷம்."

"அந்தக் கதவைத் தொறந்தா மருந்துக்கடைக்காரர் ஊரும் கையை விரிச்சிரும். அப்புறம் பஸ்ஸே கிடையாது, யாருக்கும்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவள் கணவர் கொடுத்த தண்ணீரை மடமடவென்று குடித்தான். "இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"பங்கைக் குடுங்க."

"மொத்தமும் முடியாதுக்கா. சத்தியமா முடியாது."

"முடிஞ்சதைக் குடுங்க. நான் போய்ப் பேசுறேன்."

பேசினாள். மாதக்கணக்கில் பேசினாள். இந்த மன்றம் சரி என்றால் அந்த மன்றம் முறைத்தது. பாதிப் பங்குக்கு முழு நிறுத்தங்களும் எப்படித் தருவது என்றார்கள். நடு மதியமும் இரவும் நிற்க வேண்டியதில்லை, காலையும் மாலையும் போதும் என்றாள். ஆறு நிறுத்தங்களில் இரண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். தம்பியே புதுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தான். அவனை "பல்டி" என்று சொந்தக் கட்சிக்காரர்களே கேலி செய்தார்கள்.

சந்தை நிறுத்தத்தின் பலகையிலிருந்து மஞ்சள் பையை அவிழ்த்த மறுநாள் காலை, பாலத்துப் பக்கம் நடக்காமல் நேரே அங்கே போய் நின்றாள். வேறு யாரும் இல்லை. சிலர் ஒரே காரில் நால்வராகப் போகப் பழகிவிட்டார்கள். சிலர் வேலையையே விட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கடைக் கணக்காளர் ஒருவர் ஊரையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு ஸ்கூட்டர் வேகம் குறைந்து அவளருகே நின்றது. ஓட்டி வந்தவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். தம்பி மனைவி. பின்னால் இன்னொரு நீலச் சட்டைக்காரி.

"பஸ் வந்துருச்சாமே அண்ணி?"

"வந்துருச்சு. நீ ஏறலையா?"

"வண்டிக்குத் தவணை கட்டுறேனே. ரெண்டுக்கும் எங்க போறது?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு உங்க மேல கோவம் இல்ல அண்ணி. வெக்கமாத்தான் இருந்துச்சு. அத்தனை பேர் பாக்க, தட்டிட்டு நின்னேன்ல."

"தப்பு உன் மேல இல்லம்மா."

"உங்க மேலயும் இல்லன்னு அவர் சொல்றார். யார் மேலதான்னு கேட்டா அவருக்கும் தெரியல." ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டாள். "வரேன் அண்ணி, நேரமாச்சு."

வண்டி திருப்பத்தில் மறைந்தது. பஸ் வந்தபோது அவள் ஒருத்திதான் ஏறினாள்.

அடுத்த வாரியக் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "அவ்வளவு சண்டை போட்டு வாங்கினீங்க. ரெண்டு நிறுத்தத்துலயும் ஆளே இல்லையாமே. எதுக்கு நிக்கணும்?"

"தும்பை விட்டு வாலைப் பிடிச்சிருக்கோம்யா. விட்டுப்போனவங்க உடனே வரமாட்டாங்க. தினமும் நிக்கிற பஸ்ஸைப் பாத்தாத்தான் நம்பி வருவாங்க. அதுவரைக்கும் காலியாத்தான் நிக்கணும்."

"எதுவரைக்கும்?"

"தெரியாது" என்றாள். பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. அவர் பெருமூச்சு விட்டு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று எழுதச் சொன்னார்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கியபோது நிதானம் பஸ்ஸின் முன்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், சந்தையில இன்னைக்கு ரெண்டு பேர் ஏறினாங்க."

"யாரு? பழைய ஆளுங்களா?"

"இல்ல மேடம். அம்மாவும் பொண்ணும். ஊருக்குப் புதுசு போல. எங்க எறங்கணும்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க."

"சரியான எடத்துல எறக்கி விட்டீங்களா?"

"விட்டேன். சாயந்திரம் இதே பஸ் வருமான்னு கேட்டாங்க. வரும்னு சொல்லிட்டேன்."

அவள் தலையசைத்துவிட்டு, பஸ்ஸின் ஈரப் படியில் வழுக்காமல் கம்பியைப் பிடித்து ஏறி, வீட்டுக்குப் போவதற்காக முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.