தோள்பட்டைக்கு ஒரு எஞ்சின்

"வேணாம்னு சொல்றதுக்குத்தான் நான் கூட வர்றேன்," என்றான் தம்பி. "வாங்கு வாங்குன்னு சொல்ல ஊரே இருக்கு. வேணாம்னு சொல்லவும் ஒரு ஆள் வேணும் இல்ல?"

"அதுக்கு உன்னை விட்டா யாருடா," என்றாள் அக்கா. "பொறந்ததுலேர்ந்து அதைத்தானே சொல்லிட்டிருக்க."

அவள் கணவர், படகுக்காரர், இருவருக்கும் முன்னால் வாய் திறக்காமல் நடந்தார். வலது கையை இடது கை தாங்கிப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே துடுப்புப் போட்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் கடத்தியவர். போன மாதம் தோள்பட்டை 'என்னால் ஆகாது' என்று படுத்துவிட்டது. "இனிமே துடுப்பைத் தொட்டீங்கன்னா, சோறு திங்கவும் அடுத்தவங்க கையைத்தான் எதிர்பார்க்கணும்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து படகு துறையில் கட்டிக் கிடக்கிறது. இந்த வாரத்துக்குள் அது ஓடாவிட்டால் துறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பஞ்சாயத்து ஆபீசிலிருந்து தகவல் வந்திருந்தது.

புது எஞ்சினெல்லாம் கனவில் வாங்கினால்தான் உண்டு. பழையது ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பியிருந்தார்கள். கையிலிருந்த சேமிப்பு ஒரு தடவைக்குத்தான் தாங்கும். வாங்கினது சொத்தையாகப் போனால் எஞ்சினும் போச்சு, துறையும் போச்சு.

கதவைத் திறந்தவர் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எஞ்சின் பார்க்கவா? பாவம், வெயில்ல வந்திருக்கீங்க. அது நல்லா இல்ல. போயிட்டு வாங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "போகச் சொல்லாதீங்க! உள்ள வாங்கம்மா, உள்ள வாங்க. ரொம்ப நல்ல எஞ்சின். இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

துணி துவைக்கிற இடத்தில் ஒரு பெரிய நீல டிரம். அதன் விளிம்பில் கட்டை வைத்து எஞ்சினை மாட்டியிருந்தார்கள். அதன் கால் தண்ணீருக்குள் இருந்தது, தலை வெளியே. வயசான மனிதர் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"துணி ஊறவைக்க இருந்த ஒரே டிரம்மு," என்றாள் அந்த அம்மாள். "படகை வித்து எத்தனையோ காலமாச்சு. இதை மட்டும் விக்க மாட்டேங்கறார், டிரம்முத் தண்ணியில ஓட்டி ஓட்டிப் பார்க்கறார். நான்தான் விலைக்கு இருக்குன்னு சொல்லிவிட்டேன். நான் பக்கெட்டு பக்கெட்டா அலசிட்டிருக்கேன்."

"இதுக்கு என்ன வியாதின்னு சொல்லிடறேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒளிச்சு விக்கற பழக்கம் எனக்கு இல்ல. முதல்ல இருமல். காலையில எழுப்பினா எழுந்திருக்காது. அப்புறம் மூச்சிரைப்பு. நடு ஆத்துல உயிரை விட்டாலும் விடும். வயசும் ஆச்சு, என்னை மாதிரி."

"உங்களுக்கு இருக்கறதையெல்லாம் அதுக்குச் சொல்றீங்க," என்றாள் மனைவி.

தம்பி ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரன். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் முதலில் முதுகில் தட்டிப் பார்ப்பான். இதையும் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். அக்காவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, வேணாம். தயிர் விக்கறவ தன் தயிரைப் புளிக்குதுன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? இவரு சொல்றாருன்னா உள்ள பெரிய ஓட்டை இருக்கு."

"நீ அவரு வாயைப் பார்க்கற. நான் கையைப் பார்த்தேன்."

"கையில என்ன?"

"வாய் திட்டிட்டே இருக்கு, கை துடைச்சிட்டே இருக்கு. நீ தட்டின எடத்தைக்கூட துடைச்சிட்டாரு, பாரு."

தம்பி திரும்பிப் பார்த்தான். மருந்துக்கடைக்காரர் ஒரு மஞ்சள் துணியால் எஞ்சின் மூடியை, காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டிப் பார்த்துடலாமா?" என்று படகுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஓட்டிப் பார்த்தா மனசு விட்டுப் போயிடும்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பரவாயில்லீங்க. விட்டுப் போறதுக்கும் ஒரு காரணம் வேணும் இல்ல?"

எஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வழியெல்லாம் "மெதுவா, பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். படகின் பின்பலகையில் மாட்டும்போது தம்பியை விலக்கிவிட்டு இறுக்குத் திருகுகளைத் தானே முடுக்கினார். பெட்ரோல் டேங்க்கைக் காலடியில் வைத்துக்கொண்டு படகின் நடுவில் உட்கார்ந்தார். தம்பி பக்கத்தில் ஏறிக்கொண்டான். படகுக்காரர் பின்னால், எஞ்சின் கைப்பிடிக்குப் பக்கத்தில். அக்கா முன்பலகையில்.

படகுக்காரர் இடது கையால் கயிற்றை இழுத்தார். இருமல். மறுபடி இழுத்தார். இன்னொரு இருமல்.

"நான் சொல்லல?" என்று மருந்துக்கடைக்காரர் சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் எழுந்துகொண்டது. நல்ல கனமான, சீரான சத்தம். சின்னப் பிள்ளை ஒண்ணுக்குப் போவதுபோல் பின்பக்கத்திலிருந்து மெல்லிய தண்ணீர் பீச்சியது.

"தண்ணி நல்லா இழுக்குது, சூடேறாது," என்றான் தம்பி, தன்னை மறந்து. பிறகு, "வேணாம்தான், இருந்தாலும் சொல்றேன்," என்று சேர்த்துக்கொண்டான்.

படகு நகர்ந்தது. எதிரே நாணல் திட்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துடுப்புப் போடுகிறவருக்குப் போகிற திசை தெரியாது, முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருப்பார். அதனால் இத்தனை வருஷமும் மனைவி அவருக்கு எதிரே, படகின் பின்னால் உட்கார்ந்து, முன்னால் பார்த்து வழி சொல்லிவந்தாள். 'வலது' என்றால் அவர் வலது கைத் துடுப்பைப் பலமாகப் போடுவார், படகு வலது பக்கம் திரும்பும். வேறு பேச்சே தேவைப்பட்டதில்லை.

"வலது!" என்றாள் இப்போதும்.

அவர் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினார். படகு இடது பக்கம், நாணலைப் பார்த்துத் திரும்பியது.

"வலதுங்க! வலது!"

"வலதுதான் போடறேன்!" இன்னும் பலமாகத் தள்ளினார். படகு இன்னும் ஆசையாக நாணலைப் பார்த்துப் போனது.

"மாமா, கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளினா படகு அந்தப் பக்கம் போகும்!" என்று தம்பி கத்தினான்.

"உன் அக்கா வலதுன்னு சொல்றாளே!"

"நீங்களே பாருங்களேன், இப்ப முன்னாடி பார்த்துதானே உக்காந்திருக்கீங்க!"

அதற்குள் படகு நாணலுக்குள் புகுந்து நின்றுவிட்டது. எஞ்சினை நிறுத்தினார்கள். தம்பி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினான். முழங்காலளவு என்று நினைத்து இறங்கினான். இடுப்பளவு இருந்தது.

"வேணாம்," என்றான் தண்ணீரிலிருந்து.

"எனக்கு இது வராதும்மா," என்றார் படகுக்காரர். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "எஞ்சினைக் குறை சொல்லல. இந்தக் கைக்கு வேற வித்தை ஏறாது. நீ வலதுன்னா உடம்பு தானாப் போகுது. அதோட உன் முதுகைப் பார்த்து எப்படி ஓட்டறது? இத்தனை வருஷம் மூஞ்சியைப் பார்த்தே ஓட்டினவன். துறையை விட்டுடலாம்."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நல்ல முடிவு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

அவள் முன்பலகையிலிருந்து எழுந்தாள். படகு ஆடியது.

"எந்திரிங்க," என்றாள் கணவரிடம்.

"எதுக்கு?"

"அது என் எடம். நீங்க உங்க எடத்துல போய் உக்காருங்க."

அவர் தன் பழைய பலகையில், முன்பக்கத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவள் பின்னால் உட்கார்ந்தாள். எந்த இடத்திலிருந்து வழி சொன்னாளோ அதே இடம். கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள்.

"கிணத்து ராட்டினம் மாதிரிதான், கயிறைக் கீழ இழுத்தா வாளி மேல வரும். தள்ளினா எதிர்ப்பக்கம். கயிறை இழுடா," என்றாள் சொட்டச் சொட்ட ஏறிய தம்பியிடம்.

எஞ்சின் ஒரே இழுப்பில் எழுந்தது. படகு நாணலை விட்டு விலகியது. ஒரு தடவை இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தது, ஒரு தடவை வலது பக்கம். பிறகு நேரானது. நடு ஆறு வந்தது. அக்கரையின் படிக்கட்டு தெரிந்தது.

அப்போது எஞ்சினின் சத்தம் மாறியது. கொஞ்சம் திணறியது. சமாளித்தது. மறுபடி திணறியது.

"பார்த்தீங்களா? மூச்சிரைப்பு!" என்றார் மருந்துக்கடைக்காரர். ஆனால் முன்பு போல் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

"இதுக்குத்தான் வேணாம்னேன்," என்றான் தம்பி. "நடு ஆத்துல நிக்கப்போகுது பாரு."

சேமிப்பெல்லாம் கண்முன் தண்ணீரில் இறங்குவது போலிருந்தது அவளுக்கு. எஞ்சின் இழுத்து இழுத்துத் துடித்தது. மருந்துக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டார். பிறகு பொறுக்கமுடியாமல், "ஐயோ, திணறுதே, எங்கண்ணு!" என்று குனிந்து டேங்க் மூடியிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்திவிட்டார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. எஞ்சின் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சீராக ஓட ஆரம்பித்தது.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"அது... காத்து போற ஓட்டை. திறந்து வைக்கணும். மறந்துட்டேன்."

"மறந்தீங்களா, மூடி வச்சீங்களா?" என்றாள் அவள்.

அவர் டேங்க் மூடியைத் தடவினார். "மூடித்தான் வச்சேம்மா. நின்னுபோச்சுன்னா வேணாம்னு போயிடுவீங்கன்னு நினைச்சேன். அது கஷ்டப்படறதைக் கேட்க முடியல."

"வேற வியாதி?"

"ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கு. இருமலும் குளிர்ந்து கிடந்தா மட்டும்தான்."

தம்பி சட்டை பிழிவதை நிறுத்தினான். "அக்கா, வாங்கிடு," என்றான்.

"உன்கிட்ட யாருடா கேட்டா?" என்றாள். கணவரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. நான் ஓட்டினா ஊரு சிரிக்கும். பரவாயில்லையா?"

"ஊரு கரையிலதானே நின்னு சிரிக்கும்," என்றார் அவர். "நாம ஆத்துல இருப்போம்."

துறைக்குத் திரும்பியதும் விலை பேசுவதில்தான் சிக்கல் வந்தது. மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு இவள் குறைத்துக் கேட்க, அவர் இன்னும் ஏற்றிச் சொன்னார், எப்படியாவது கலைந்துபோகட்டும் என்று. அதற்குள் கரைக்கு வந்து காத்திருந்த அவர் மனைவி நடுவில் புகுந்து, இவள் கேட்டதற்கும் குறைவாக ஒரு விலையைச் சொல்லி முடித்துவிட்டு, "டிரம்மை ஏற்கெனவே கவுத்தாச்சு. இனிமே இவரே நினைச்சாலும் வைக்க எடம் கிடையாது," என்றாள்.

"தினமும் ஓட்டி முடிச்சதும் நல்ல தண்ணியில கழுவுவீங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"நீங்களே வந்து கழுவுங்கண்ணே. எங்க படகுல உங்களுக்கு என்னிக்கும் காசு கிடையாது."

"காலையில வரலாமா?"

"முதல் நடைக்கே வாங்க."

வந்தார். அவருக்கு முன்பே டீச்சரம்மாவும் காய்கறிக்கூடைக்காரியும் கேஸ் சிலிண்டர் பையனும் ஏறியிருந்தார்கள். பின்பலகையில் அவளைப் பார்த்ததும் டீச்சரம்மா ஒரு கால் படகிலும் ஒரு கால் படியிலுமாக நின்றார்.

"ஓட்டறது யாரு?"

"நான்தான்."

"அவரு?"

"அவரு உக்காந்திருப்பாரு. அது அவருக்கு இன்னும் சரியா வரல, பழகிட்டிருக்காரு."

படகுக்காரர் தன் பலகையில் உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தார், பிறகு கட்டிக்கொண்டார், பிறகு டீச்சரம்மாவின் குடையை வாங்கி வைத்துக்கொண்டார். படகு துறையை விட்டு நகர்ந்ததும் எதிரே மனைவியின் முகத்தைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல் மெதுவாக, "வலது," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகு ஒரு வளைவு வளைந்து, காய்கறிக்கூடைக்காரி 'ஐயோ' என்று அலறி, மறுபடி நேரானது.

"சும்மா இருங்க," என்றாள். "பேச்சு குடுத்தா அடுத்த நடை நீங்க கரையிலதான்."