நூற்றுப்பத்துக்கு மேல்

“ஏறு” என்றார்.

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அவர் வைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கடை. வந்து உட்காருகிறவர்களின் காதுக்குப் பின்னால் ஃபிரேமை மெல்லச் செருகிவிட்டு, அழுத்துகிறதா, சொல்லுங்கள், தளர்த்திவிடலாம் என்று கேட்பாரே, அதே குரல்தான் இதுவும். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். வண்டியை விற்கிறவர் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் பக்கத்துக் கதவைத் தன் கையாலேயே சாத்தி, நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், அவசரமே இல்லை என்று சிரித்தார்.

சாம்பல் நிறம், நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை. அரை நூற்றாண்டு வயதான வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று வாரமாக வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. இருக்கிற பச்சை வண்டியைக் கொடுத்துவிட்டு, மேலே போட்டு, இதை எடுக்கலாமா வேண்டாமா? பச்சையும் பழைய பந்தய வண்டிதான், ஆனால் நாலு சிலிண்டர். இது ஆறு. கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டார். பக்கத்துக் கடை டெய்லரிடம் கேட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் கேட்டார். எல்லோரும் எடுங்கள் என்றார்கள். மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. அவளிடம் அவருக்கு வேண்டியிருந்தது கையெழுத்து. பச்சை அவள் பேரில் இருந்தது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கல்யாண நாள் பரிசாக அதை அவள் பேரில் வாங்கியிருந்தார். ஊரே மெச்சிற்று. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை மெச்சியவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

கையெழுத்துப் போடாமல் மூன்று வாரம் ஓட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்றாள், கண்ணாடியைக் காணோம் என்றாள். எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். கண்ணாடிக்கடைக்காரர் மனைவி கண்ணாடியைக் காணோம் என்றதற்கு அவர்கூடச் சிரித்தார். இன்று காலை சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நீயே வந்து பார் என்று கூட்டி வந்துவிட்டார்.

தெருமுனை வரை வண்டி பூனைபோலப் போனது. அதற்கப்புறம் கிடங்குகளுக்கு நடுவே போகும் நீளச் சாலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லாரிகள் குறைவு. அவர் காலை அழுத்தினார்.

அவளுடைய முதுகு இருக்கையில் அறைந்துகொண்டது. எண்பது. தொண்ணூறு. அவள் முள்ளையே பார்த்தாள். இந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். அவர் கோபித்துக்கொண்டால் இதுதான் நடக்கும். முதல் தடவை ஒரு விருந்தில், இவர் எனக்கே பவர் தப்பாகப் போட்டுக் கொடுத்தவர் என்று நாலு பேர் நடுவே வேடிக்கையாகச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வெளியே வந்ததும் கதவைத் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொன்னார். அன்றைக்கு எதிரே வந்த பஸ்ஸின் முகத்துக்கு நேராக ஓட்டிப்போய்க் கடைசி நொடியில் திருப்பினார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அவள் புடவை நனைந்திருந்தது. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உடம்பில் ஒரு காயம் இருக்காது. எலும்பு முறிந்தால் படத்தில் தெரியும், யாரிடமாவது நீட்டலாம். இதை எந்தப் படத்தில் பிடிப்பது?

நூறு. நூற்றுப்பத்து.

பச்சை வண்டியாக இருந்தால் இந்த இடத்தில் ஸ்டீயரிங் உதறும். முதலில் அவர் மணிக்கட்டு ஆடும், பிறகு டேஷ்போர்டு, பிறகு அவள் பல். சனியன் பிடித்த வண்டி என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் காலை எடுப்பார். அந்த நொடிக்காகத்தான் அவள் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்து காத்திருந்து உயிரோடு வீடு திரும்பினாள்.

இந்த வண்டி உதறவில்லை. நூற்றிருபதைத் தாண்டிற்று. நூற்று நாற்பது. காற்று அவள் கன்னத்துச் சதையை இழுத்தது. முன்னால் ஒரு லாரி. அவர் பிரேக்கைத் தொடாமல் அதன் பின் சக்கரத்தை உரசுகிற மாதிரி வெட்டி வெளியே வந்தார். லாரியின் இரும்புக் கொக்கி அவள் பக்கத்துக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. சில்லு ஒன்று அவள் முழங்கையைக் கிழித்தது.

“பாத்தியா?” என்றார். “ஒரு உதறல்? ஒரு ஆட்டம்? என் தம்பி என்னமோ பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்ணான்னு கதை விட்டானே. இது பழைய வண்டி இல்லையா?”

முள் நூற்று அறுபதில் நின்றது.

“கையெழுத்துப் போடறேன்” என்றாள். வாய்க்குள் நாக்கு ஒட்டிக்கொண்டு சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள். “போடறேங்க. நிறுத்துங்க.”

ஓரமாக நிறுத்தினார். முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவள் பேரின் நடு எழுத்தில் முழங்கை ரத்தம் ஒரு சொட்டு விழுந்தது. அவர் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அவள் கதவைத் திறந்து சாலையோரத்தில் வாந்தி எடுத்தாள். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். கல்யாணமான புதிதில் தடவிக்கொடுத்ததுபோல, மனம் நிறைந்து.

“நீ இங்கயே நில்லு. நான் மட்டும் ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். இப்ப இது நம்ம வண்டி.”

அவள் நின்றாள். போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஒவ்வொரு கியராகச் சத்தம் ஏறுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பச்சையின் சத்தம் எங்கே இறங்குமோ அந்த இடத்துக்கு இவளுடைய காதும் வந்து சேர்ந்தது. சத்தம் இறங்கவில்லை. சாலை வளைகிற இடத்தில் குளிர்பதனக் கிடங்கின் கல் சுவர். அங்கேயும் இறங்கவில்லை.

அவள் ஓடிப் போனபோது வண்டியின் நீண்ட மூக்கு காணாமல் போயிருந்தது. ஸ்டீயரிங் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே விலா எலும்புகள் உடைந்த பீங்கானாக நகர்ந்தன. படம் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் அவர் முகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் கண்கள் அவளைப் பார்த்தன. அதில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

“உதறவே இல்லையே” என்றார். வாயிலிருந்து ரத்தம் குமிழியாக வந்து உடைந்தது. அடுத்த குமிழி வரவில்லை.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். கழுத்துவரை போர்த்தியிருந்தது, நல்லவேளை. டெய்லர் வாசலிலேயே உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், அதிர்ந்து பேசாத மனுஷன் என்று. டெய்லரின் மனைவி உள்ளே வந்து இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது உன்மேல் கை நீட்டியிருப்பாரா என்று கேட்டாள்.

இவள் யோசித்துப் பார்த்து, இல்லை என்றாள். உண்மைதான்.

மகள் அப்போதுதான் வந்திருந்தாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை மடியில் கொட்டினாள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, மடித்த காகிதம். காகிதம் பழுப்பாக விறைத்திருந்தது. பிரித்துப் படித்தாள்.

“நீ ஏம்மா கையெழுத்துப் போட்ட?”

அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“மூணு வாரமா மாட்டேன்னுதானே இருந்த? அப்பா போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அப்படியே இருந்திருக்க வேண்டியதுதானே?”

வாசலில் ஏதோ சலசலப்பு. கப்பல்காரர் வந்திருந்தார். இரண்டு நிமிஷம் கும்பிட்டபடி நின்றார். அப்படியே போயிருக்கலாம். போகிற வழியில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்து ஆறுதல் சொல்லத் தொடங்கினார்.

தம்பி என்றால் இறந்தவரின் கூடப்பிறந்தவன். மெக்கானிக். ஸ்பானர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வயதாகியும் ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவன் என்று பேரெடுத்தவன்.

“என் வண்டியில ஒரு குறையும் கிடையாது தம்பி” என்றார் கப்பல்காரர். “யார வேணா வச்சுப் பாத்துக்கலாம். எவ்வளவு வேகம் போனாலும் ஒரு சின்ன உதறல்கூட...”

ஸ்பானர் அவர் வாயிலேயே குத்தினான். கப்பல்காரர் நாற்காலிகளோடு சாய்ந்தார். அதற்கு மேலும் விடாமல் ஸ்பானர் அவர்மேல் உட்கார்ந்து குத்தினான், மாற்றி மாற்றி, ஒரு வார்த்தை பேசாமல், வேலை செய்கிறவனின் சீரோடு. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அவனை அசைக்க முடியவில்லை. கடைசியில் அவள்தான் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“போதும் தம்பி. அவர் என்ன பண்ணுவார்?”

ஸ்பானர் நிமிர்ந்து பார்த்தான். விரல் முட்டிகளில் யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை.

“நாம பண்ணினதுதான் அண்ணி” என்றான். “பச்சைய நான் சரி பண்ணியிருந்தா அவன் இந்த வண்டியத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டான்.”

மகள் பின்னாலேயே வந்து நின்றிருந்ததை இருவரும் பார்க்கவில்லை.

மகள் இரண்டு பேரையும் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஸ்பானர் குழாயைத் திறந்து கையை நீட்டினான். மகள் கேட்டாள், என்னத்தைச் சரி பண்ணவில்லை என்று. சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாம். கைமறதி, பழைய வண்டி, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று ஏதாவது ஒன்று. வெளியே கிடக்கிறவர் நல்ல அப்பாவாகவே போய்ச் சேருவார். இந்தப் பெண்ணுக்கு இருப்பது அந்த அப்பா ஒருவர்தான். ஆனால் ஸ்பானரின் தோள் குலுங்குவதை அம்மா பார்த்தாள். அவன் வாயைத் திறக்க மாட்டான். பன்னிரண்டு வருஷமாகத் திறக்காதவன். எல்லாப் பழியையும் வாங்கிக்கொண்டு அந்தக் குழாயடியிலேயே நின்றுவிடுவான்.

“நான்தான் பண்ண வேண்டாம்னேன்” என்றாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஸ்பானரின் ஷெட்டுக்குப் போனதைச் சொன்னாள். அப்போது முன்சக்கரம் லேசாக உதறிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் பச்சையைக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். சக்கரம் ஆடாமல் சுற்றுவதற்கு விளிம்பில் சின்னச் சின்ன ஈயக் கட்டி அடிப்பான் ஸ்பானர். அவள் போய், அதை அடிக்காதீங்க தம்பி, இருக்கறதையும் ஒண்ணு எடுத்துடுங்க என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த வேகத்துல உதறணும் அண்ணி என்று மட்டும் கேட்டான். அவள் தயாராக வைத்திருந்த எண்ணைச் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஸ்பானர் குறட்டால் ஒரு கட்டியைப் பிடுங்கிவிட்டு, அண்ணனிடம் பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினான்.

“எதுக்கு?” என்றாள் மகள்.

“உங்கப்பா என்னை அடிச்சதில்ல. வண்டியில ஏத்துவார்.”

மகளுக்குப் புரிய நேரம் ஆயிற்று. சின்ன வயதில் அப்பாவும் அம்மாவும் பச்சை வண்டியில் ரவுண்டு போகும்போதெல்லாம் வாசலில் நின்று டாட்டா காட்டியவள் அவள். திரும்பி வந்ததும் அம்மா ஏன் நேராகக் குளிக்கப் போகிறாள் என்று கேட்டிருக்கிறாள். தூசு என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

“பொய்” என்றாள். பிறகு கை ஓங்கி அம்மாவின் கன்னத்தில் அறைந்தாள்.

நல்ல அறை. மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. ஸ்பானர் குழாயை மூடினான். அவள் புடவைத் தலைப்பால் மூக்கை ஒற்றிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் அடி. இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு.

மகள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்துவிட்டது என்று வெளியே டெய்லர் கூப்பிட்டார்.

உடலை வேனின் பின்பக்கம் ஏற்றினார்கள். மகள் முன்னால் போய் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் இடம் இருந்தது. வேன் டிரைவர் இறங்கிவந்து அம்மாவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் நடந்தே வரேன்” என்றாள்.

ரெண்டு கிலோமீட்டர்மா, வெயில் வேற என்றார் டிரைவர். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஸ்பானர் வந்து காதருகே ஏதோ சொன்னான். அதற்கும் தலையசைத்தாள். டிரைவர் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வேன் நகர்ந்தது. அவள் அதன் பின்னால் தெருவின் நடுவில் நடந்தாள். பெரிய சாலைக்கு வந்ததும் டிரைவர் இரண்டாவது கியருக்குப் போனார். கண்ணாடியில் அவள் சின்னதாகிப்போவதைப் பார்த்து மறுபடி முதல் கியருக்கே வந்தார். அவள் நடையை மாற்றவில்லை. பின்னால் கார்களும் ஸ்கூட்டர்களும் சேர்ந்துகொண்டன. ஒரு பஸ் வந்து நின்று நின்று உறுமியது.

பாதி வழியில், ஓடிக்கொண்டிருந்த வேனின் முன்கதவு திறந்தது. மகள் இறங்கி, அம்மா வந்து சேரும்வரை சாலையிலேயே நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் சேர்ந்து நடக்கத் தொடங்கினாள், நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் அடித்தார். இருவரும் ஒதுங்காமல் போகவே, அதை விட்டுவிட்டு அவர்கள் நடைக்கே வரத் தொடங்கினார்.